வினாயகமூர்த்தி பேரில் ஒரு பொதி

செட்டிபாளையத்து வினாயகமூர்த்தி ஒரு சபதம் எடுத்தார். கண்ணை மூடுவதற்குள் ஏதாவது ஒரு சாமான் தன் பேரில் இருந்தே ஆக வேண்டும்.

சபதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் குடியிருக்கும் வீடு மனைவி அன்னப்பூரணிக்குச் சீதனமாக வந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர வேண்டியவர். வீட்டைச் சுற்றிய வளவு அவள் பேரில். தென்னைகள் அவள் பேரில். மின்சார பில் அவள் பேரில். களுவாஞ்சிக்குடியில் அவர் கணினி திருத்தும் கடைகூட மாமனார் கட்டி மகளுக்குக் கொடுத்ததுதான். மோட்டார் சைக்கிள் வாங்கப் போன அன்றாவது தன் பெயரைப் போட்டிருக்கலாம். அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனார். அன்னப்பூரணி மறக்கவில்லை. நாய்க்கு ஊசி போட்ட அட்டையிலும் உரிமையாளர் அவள்தான். நாய்க்கும் அது தெரியும். இவர் கூப்பிட்டால் வாலை ஆட்டும், ஆனால் எழும்பாது.

ஆகவே வினாயகமூர்த்தி லினக்ஸைத் தஞ்சமடைந்தார்.

லினக்ஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் கணினி இயங்குதளம். உலகமெங்கும் உள்ள ஆட்கள் சும்மா வேலை செய்து அதை நடத்துகிறார்கள். அதற்குள் மென்பொருள்கள் எல்லாம் பொதி பொதியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு, பொதியிலேயே அவர் பெயரும் இருக்கும். பிரேசிலில் ஒருவன் திறந்து பார்த்தாலும் அதே பெயர்தான்! இந்த எண்ணம் வினாயகமூர்த்தியைப் பிடித்து ஆட்டியது. தமிழ்த் தட்டச்சுப் பழக்கும் மென்பொருள் ஒன்றைக் கனடாவில் ஒருவர் எழுதியிருந்தார். தான் பாவிக்கும் லினக்ஸில் அது இன்னும் இல்லை என்பதைக் கண்டுபிடித்து, பொதியாகக் கட்டி, சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்துவிட்டார்.

அன்னப்பூரணி மாதர் சங்கத்தின் செயலாளர். சங்கக் கடிதங்களை அடிப்பதற்காக அதே மென்பொருளில்தான் அவளும் பழகிக்கொண்டிருந்தாள்.

"இத எழுதினது நீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லகா, கனடாக்காரர்."

"அப்ப நீங்க?"

"நான் பொதி கட்டுறன்."

"சமைச்சது அவர், பார்சல் கட்டுறது நீங்களா?"

"அப்பிடிச் சொல்லாத. பராமரிக்கிறதும் நான்தான். பிழை வந்தாப் பாக்கிறது, புதுசு வந்தா மாத்துறது, கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்றது..."

"பதில் சொல்றதா? நீங்களா?"

"ஏன்?"

"கிணத்து மோட்டர் இரையுதெண்டு எப்ப சொன்னன்? அதுக்கே இன்னும் பதில் வரல்ல."

"அது வீடு. இது உலகம்."

"சரி, உங்கட உலகத்தில ஒரு பிழை கிடக்கு. நான் அடிக்கக்குள்ள பயிற்சி நடுவில நிண்டு போகுது. பாருங்க."

"எனக்கு நிக்கல்லியே. உன்ட விரல்தான் பிழை."

அன்னப்பூரணி தன் விரலைப் பார்த்தாள். அந்த விரல் உயர்ந்தால் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் அவள் விரலை மடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். புத்தியுள்ள மனிதன் என்றால் அங்கேயே பயந்திருப்பான்.

விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் பொறுப்பு பின்லாந்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு விழுந்தது. அவள் எழுதினாள்: ஒரே ஆளை நம்பிப் பொதியைச் சேர்ப்பதில்லை. அவர் காணாமல் போனால் பொதி அநாதை. இரண்டாவது பராமரிப்பாளர் யார்?

வினாயகமூர்த்தி வளவைச் சுற்றி நடந்து யோசித்தார். காத்தான்குடியில் இதே கணினித் தொழில் செய்யும் அக்ரம் கெட்டிக்காரன். அதுதான் வில்லங்கம், ஒரு மாதத்தில் பொதியையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். பெயர் மட்டும் இருக்கவேண்டும், ஆள் அசையக் கூடாது. அப்படி ஒருவர் வேண்டும். குசினி யன்னலால் எட்டிப் பார்த்தார். அன்னப்பூரணி நண்டு துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். உடனே ஓடிப்போய், அடையாள அட்டையில் உள்ளபடி அவள் முழுப்பெயரையும் தானே அடித்து ஒரு கணக்குத் திறந்தார். அவளுடைய மின்னஞ்சலையும் கொடுத்தார். இவளுக்கு இதில் ஒன்றும் விளங்காது, வாயே திறக்கமாட்டாள் என்று நினைத்தார். இத்தனை வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்திய பிறகும் ஒரு மனிதன் அப்படி நினைத்தால் நாம் என்னதான் செய்வது?

அடுத்த கடிதம் வந்தது. பயிற்சி நடுவில் நின்றுவிடுகிறது, கவனித்தீர்களா என்று பின்லாந்துக்காரி கேட்டிருந்தாள். வினாயகமூர்த்திக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டிலும் அதே பேச்சு, பின்லாந்திலும் அதே பேச்சு! என் கணினியில் நிற்கவில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டார். தயவுசெய்து திரும்பப் பாருங்கள், ஒரு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் மற்றப் பராமரிப்பாளரைக் கேட்போம் என்று எழுதினாள் அவள். வினாயகமூர்த்தி அந்தக் கடைசி வரியை வாசிக்கவில்லை. முதல் வரியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலியடியில் பக்கத்து வீட்டுக் கதிர்காமத்தம்பி நின்றார்.

"கோவிச்சிட்டன் மச்சான்."

"ஆரோட? பூரணியோடயா?"

"லினக்ஸோட."

"அதுக்குத் தெரியுமா?"

"பதில் போடாம விட்டாத் தெரியும். வீட்டில நான் சாப்பிடாமப் படுத்தா மறுகா நண்டுக்கறி வருதுதானே? அங்கயும் வரும்."

"பின்லாந்தில இருந்து நண்டா?"

"மன்னிப்பு, மச்சான்! மன்னிப்பு வரும்!"

கோபித்துக்கொள்வது சுலபம். கோபித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. கைபேசியைப் பார்க்கமாட்டேன் என்று சட்டைப் பைக்குள் போட்டார்; பை சுட்டது. கடற்கரைக்குப் போனார். நிற்க முடியவில்லை. திரும்பி வாவிக்கரைக்குப் போனார். அங்கேயும் கால் தரிக்கவில்லை. செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்; மனம் நிலைகொள்ளாத மனிதனுக்கு நடக்கவும் இடம் போதாது. அவர் எதையாவது தொலைத்துவிட்டாரோ என்று தோணிக்காரர்கள் விசாரித்தார்கள்.

வீட்டிலோ நண்டுக்கறியின் வாசமே இல்லை. அன்னப்பூரணி கணினியின் முன் இருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னகா, எந்நேரமும் இதுக்குள்ள?"

"கடிதம்."

"ஆருக்கு?"

"கனடாவுக்கு."

தம்பிக்கு எழுதுகிறாள் என்று வினாயகமூர்த்தி நினைத்தார். அவள் தம்பி கனடாவில்தான் இருந்தான். என் கவலை எனக்கு, இவளுக்குத் தம்பி என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு பழஞ்சோற்றைத் தேடிப் போனார்.

கடைசியில் பொறுக்க முடியவில்லை. ஒரு பின்னேரம் கடற்கரையில் நின்றபடி கைபேசியைத் திறந்தார். 'உங்கள் பொதி ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் வாசிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கதிர்காமத்தம்பியைக் கையில் பிடித்து இழுத்து வந்து கணினியின் முன் இருத்தினார்.

"வாசி மச்சான்! பராமரிப்பாளர் எண்ட இடத்தில ஆர்ர பேர் எண்டு சத்தமா வாசி!"

கதிர்காமத்தம்பி கண்ணாடியைச் சரிசெய்தார். "அன்னப்பூரணி..." என்று தொடங்கி, வினாயகமூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வீட்டில் அடுப்பு எரிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு நழுவியும் விட்டார்.

"பூரணி! என்ன வேல இது?"

"நான் என்ன செய்ய? நீங்க பதில் போடல்ல எண்டு என்னக் கேட்டாங்க. பிழைய நான் கனடாக்காரருக்கு எழுதினன். அவர் உடனே திருத்தித் தந்தார். நீங்க கட்டின பொதியில பழச எடுத்திட்டுப் புதுச வச்சன். அவ்வளவுதான்."

"என்னப் பத்திக் கேக்கல்லியா?"

"கேட்டாங்க. கோவத்தில இருக்கார், கிணத்து மோட்டரும் இன்னும் பாக்கல்ல எண்டு உள்ளத எழுதினன். பதில் தராத ஆளெண்டு அவங்களே உங்கட பேர எடுத்திட்டாங்க."

கதிர்காமத்தம்பி எழும்பிப் போன கதிரையில் வினாயகமூர்த்தி இருந்துவிட்டார். வீடு போனது, வளவு போனது, நாய்கூடப் போனது, இப்போது இதுவும். "உலகத்தில ஒரு இடத்திலயாவது என்ட பேர் இருக்கோணும் எண்டு ஆசப்பட்டன், பூரணி."

அன்னப்பூரணிக்கு உண்மையாகவே பாவமாகப் போய்விட்டது. கிட்ட வந்து, பிழையென்று அவர் சொன்ன அதே விரலைத் திரையில் வைத்து அந்த வரியை மெல்லக் கடைசிவரை இழுத்துக் காட்டினாள்: அன்னப்பூரணி வினாயகமூர்த்தி.

"ஏன் இல்ல? வடிவாப் பாருங்க, எனக்குப் பின்னால நிக்கிறீங்க."