எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு எதிராக நடந்த சதி

வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால், அதைச் சரிசெய்வதற்கு முன் கெடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பரம்பரைக் குணம். (குடைக்கம்பி உடைந்ததற்காக என் அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு கடைசிவரை பேசவில்லை. அந்த மனிதர் மழையில்லாத நாளில் குடையை இரவல் கேட்டாராம். அது போதாதா?)

திருமுடிவாக்கத்தில் இரும்பு சாமான் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் எனக்குக் கொள்முதல் வேலை. போன வருடம் ஆபீஸ் கட்டடத்தில் மராமத்து நடந்ததால் சில மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். பம்மல் வீட்டு ஹாலில் மேஜையைப் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அது என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி எபி, பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பொருத்திக் கொடுத்தது.

முதல் வாரமே ஆரம்பித்தது. ஆன்லைன் மீட்டிங்கில் மேனேஜர், "அந்த போல்ட் ஏன் இன்னும் வரலை?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பேன். திரை கறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வந்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முதலிலிருந்து தொடங்கும். சேமிக்காததெல்லாம் போயிருக்கும்.

ஸ்டெல்லா டீச்சர். அவள் உட்கார்ந்து வினாத்தாள் அடித்தால் ஒன்றும் ஆகாது. நானே சாவகாசமாகப் படம் பார்த்தாலும் ஆகாது. முக்கியமான நேரத்தில், எனக்கு மட்டும் ஆகிறது. அப்படியென்றால் இது கோளாறு இல்லை, சதி.

முதல் சந்தேகம் மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் மேல். அவர் தண்ணீர் மோட்டார் போடும்போதுதான் அணைகிறது என்று முடிவு கட்டி (ஓரிரு முறை ஒத்துப்போனது, எனக்கு அது போதும்) மேலே போய்க் கேட்டேன்.

"இன்னா சார், மோட்டாருக்குத் தனி லைன் கீது. உன் பொட்டி ஆஃப் ஆனா நான் இன்னா பண்ணுவேன்? உங்க வூட்ல ஃபேன் நிக்குதா, லைட்டு நிக்குதா?"

நிற்கவில்லைதான். ஆனால் இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருந்ததே எனக்கு உறுத்தியது.

அடுத்தது மேனேஜர். என்னை வேவு பார்க்க உள்ளே எதையோ ஏற்றியிருக்கிறார் என்று நினைத்து, கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அவரோ என்னைச் சந்தேகப்பட்டார்.

"அது எப்படி சார், நான் கேள்வி கேட்டா மட்டும் உங்க சிஸ்டம் படுத்துக்குது? வெள்ளிக்கிழமை மீட்டிங்ல எம்.டி. இருப்பாரு. அன்னைக்கும் படுத்துச்சுன்னா நான் உங்களுக்காகப் பேச முடியாது."

வேலைக்கே உலை. மிச்சமிருந்த சந்தேகம் எபி மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எபியும் என் மாமனார் மாமியாரும் சாப்பிட வந்தார்கள். பிரியாணி பாதியில் இருக்கும்போது கேட்டேன்: "எபி, இதுக்குள்ள போட்டதெல்லாம் புதுசுதானா? இல்ல, எங்கேயாவது கழட்டினதா?"

ஸ்டெல்லாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. எபி எழுந்து கை கழுவினான். கம்ப்யூட்டரைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் மாட்டி, சாயங்காலம்வரை ஓட்டினான். ஒரு தடவைகூட அணையவில்லை.

"பாருங்க அத்தான், நல்லாத்தான ஓடுது."

"நீ இருக்கும்போது ஓடும்," என்றேன்.

எபி கம்ப்யூட்டரைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தான். "அக்கா, நான் கெளம்பறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் தட்டில் பாதிப் பிரியாணி அப்படியே இருந்தது. அதன்பின் ஸ்டெல்லா என்னிடம் பேசியதெல்லாம் "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்பது மட்டும்தான்.

ஆதாரம் இருந்தால் வாயை அடைக்கலாம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு முன், பெட்டி எப்படி அணைகிறது என்று படம் பிடிக்க, செல்போனை வீடியோவில் போட்டு மேஜைக்கு அடியில் ஒரு செருப்பில் சாய்த்து வைத்தேன். எம்.டி. தொண்டையைக் கனைத்து, "போன மாச ஸ்டாக் என்ன?" என்றார். திரை கறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டேன். போனைப் பிடுங்கி, "மச்சான், நீ செஞ்ச பெட்டியின் லட்சணத்தைப் பார்" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோவைத் தட்டிவிட்டேன். நான் அதைப் பார்க்கவில்லை. ஆதாரம் நீதிபதிகளுக்குத்தானே, போலீசுக்கு எதற்கு?

முதல் பதில் மாமனாரிடமிருந்து வந்தது. "மாப்பிள்ளை, இது யார் கால்?"

அப்புறம்தான் பார்த்தேன். தரையில் கிடந்த ஜங்ஷன் பாக்ஸ். அதில் செருகிய கம்ப்யூட்டர் பிளக்கின் மேல் என் வலது கால் கட்டைவிரல் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தது. எம்.டி. குரல் கேட்டதும் தாளம் வேகமெடுத்து, பிளக் லேசாகச் சாய்ந்து, பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. பயந்தால் என் கால் இப்படியெல்லாம் செய்யும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

வீடியோவை அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வேறு வழியில்லாமல் மேனேஜருக்கும் அதையே அனுப்பினேன். வெகுநேரம் கழித்து போன் செய்தார். "எம்.டி. ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாரு சார்," என்றார். வேலை தப்பியது.

எபி வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தான்," என்றான். மறுநாள் வந்து ஜங்ஷன் பாக்ஸை எடுத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அடித்துவிட்டு, "இதுக்கு மேல கால் வந்துச்சுன்னா சொல்லுங்க, சர்க்கஸ்ல சேத்துடலாம்," என்றான். ஸ்டெல்லா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

சென்ற மாதம் தாம்பரத்தில் ஒரு உறவினர் கல்யாணம். பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கியதும் மைக் நின்றுபோனது. எங்கள் வரிசையில் மாமனார் முதல் எபி வரை அத்தனை தலையும் ஒரே நேரத்தில் குனிந்தது. பக்திமான்கள் என்று பாஸ்டர் நினைத்திருப்பார். எல்லோரும் என் காலைத்தான் பார்த்தார்கள்.