நீலச் சட்டைக் குழுவும் தாருனோவின் அவசரமும்

கிளாத்தென் நகரின் ஒரு மருத்துவமனையில், பக்கவாத நோயாளியை இனி எவரும் தனியாகக் கவனிக்கலாகாது, குழுவாகவே கவனிக்க வேண்டும் என்று தீர்மானமானது. நல்ல தீர்மானம். முதல் வேலையாகக் குழுவுக்கு நீலப் பாத்திக் துணியில் சட்டை தைத்தார்கள். பிறகு, முஷ்டியை உயர்த்திப் போட ஒரு முழக்கம் இயற்றினார்கள்.

சோத்தோ என்னும் சூப் விற்கும் கடைக்காரர் தாருனோவுக்கு வலப்பக்கம் விழுந்திருந்தது. இப்போது அவருக்கு வேண்டியது கழிப்பறை. படுக்கையிலேயே போக மானம் இடம் கொடுக்கவில்லை.

"சிஸ்டர், கொஞ்சம் கை குடுங்க. அவசரம்," என்றார் கோணிய வாயால்.

நர்ஸ் எந்தா பரிவோடு வந்தாள். "நான் மட்டும் தூக்கினா அது குழுப் பராமரிப்பு ஆகாது, ஐயா. உங்க கால் உடற்பயிற்சிக்காரரோடது. கை இன்னொருத்தரோடது. வாய் பேச்சுப் பயிற்சி அம்மாவோடது."

"மூத்திரப்பை?"

"அது இன்னும் யாருக்கும் ஒதுக்கலை. கூட்டத்துல வைக்கிறேன்."

கூட்டம் கட்டிலைச் சுற்றியே கூடியது. எல்லாரும் ஒருமனதாக இசைய வேண்டும். முந்திக்கொண்டு பேசுவதோ மரியாதையில்லை.

"எழுப்பலாமா?" என்றார் டாக்டர் ஹெந்திரோ.

"டாக்டர் சொன்னா சரிதான்," என்றார் உடற்பயிற்சிக்காரர்.

"நீங்க சொன்னா எனக்கும் சரிதான்," என்றார் டாக்டர்.

பணிவு கட்டிலைப் பலமுறை வலம் வந்தது. பலகாரப் பெட்டிகள் திறந்தன. "ஒரே குழு! ஒரே மூச்சு! நோயாளியே ராஜா!" என்று முழங்கினார்கள். புகைப்படத்தில் எல்லாரும் விழ வேண்டுமென்று ராஜாவின் கட்டிலைச் சற்று ஓரமாகத் தள்ளிவிட்டுக் கலைந்தார்கள்.

தாருனோவின் மனைவி லெகினெம் பொங்கினாள். "இத்தனை சட்டை சேர்ந்து ஒரு மனுசனை நிமித்த முடியலை! வாங்க, நாமளே தூக்குவோம்."

பக்கத்துக் கட்டில் நோயாளிகளின் உறவினர்கள் ஓடி வந்தார்கள். அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தார்கள். பாதம் தரையைத் தொட்டது. தாருனோவுக்குக் கண் கலங்கியது.

"இருங்க, ஒண்ணு ரெண்டு மூணு யார் சொல்றது?" என்றார் பார்ஜோ என்ற முதியவர்.

"வயசுல பெரியவரு நீங்கதான் சொல்லணும், ஐயா."

"சேச்சே, வீட்டுக்காரம்மா இருக்கறப்ப நானா? நீங்க சொல்லுங்க, அம்மா."

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் லெகினெம்.

"நானே சொல்றேன்... ஒண்ணு..." என்றார் தாருனோ.

"நீங்க நோயாளி, சும்மா இருங்க!" என்று எல்லாரும் அதட்டினார்கள்.

"பேசாம நாமளும் ஒரு குழுவாயிடலாமே," என்றாள் ஒருத்தி. "பச்சைச் சட்டை?"

"பச்சை எனக்கு எடுக்காதே!"

லெகினெம்கூட யோசிக்கத் தொடங்கினாள். தாருனோவின் தொடை வழியே வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. இடக்கையால் போர்வையை இழுத்து மடியை மூடிக்கொண்டார்.

"மெதுவாவே முடிவு பண்ணுங்க," என்றார். "இனிமே அவசரமில்லை."