வெல்மா அக்காவுக்கு, பீச் பழ ஜாடி விஷயமாக

ஒஹாயோ,
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை காலை

மரியாதைக்குரிய வெல்மா அக்காவுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி ஓப்பல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும், சர்க்கரையும், மாடி வீட்டுக்காரரோடு உங்களுக்கு இருக்கிற வழக்கும் நல்லபடியாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாமல் எழுதிக்கொண்டே போவேன், நீங்கள்தான் மூச்சு விட்டுப் படிக்கவேண்டும்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடியே செய்வதாக முடிவு எடுத்துவிட்டேன். பட்டறையை மூடிவிட்டு செப்டம்பரில் ஃபுளோரிடாவுக்கு உங்களோடேயே வந்துவிடுகிறேன். அந்தச் சின்ன அறையில் இருக்கிற தையல் மிஷினை எடுத்துவிடுங்கள். ஜூனிலேயே ஏன் வரவில்லை என்று போனில் கோபப்பட்டீர்கள். அதைப் போனில் சொன்னால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லையென்றால் சிரித்துவிடுவேன், இரண்டும் உங்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் உங்கள் தம்பி டெல்பர்ட் போனபோது பட்டறை மேசையில் ஒரே ஒரு துப்பாக்கிதான் பாக்கி இருந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஹாலிஸ் டார்பெலுக்காகச் செய்தது. டெல்பர்ட்டின் வேலையை நீங்கள் எப்போதும் "காகிதத்துல ஓட்டை போடறதுக்கு இவ்வளவு பாடா" என்பீர்கள். ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு ஐம்பது கெஜத்துக்கு அப்பால் இருக்கிற காகிதத்தில் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே ஓட்டை போடவேண்டுமென்றால் அவ்வளவு பாடுதான் அக்கா. ஹாலிஸின் துப்பாக்கிக்குக் குழலைப் பொருத்தி முடித்துவிட்டார். மேலே ஓடுகிற ஸ்லைடையும் கீழ்க்கட்டையையும் மெருகுப் பசை போட்டுத் தேய்த்து ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைக்கிற வேலை எப்போதும் என்னுடையது, டிவி பார்த்துக்கொண்டே தேய்ப்பேன், அதுவும் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ட்ரிக்கர் மட்டும். வேறு ஆளிடம் கொடுத்து முடித்துக்கொள் என்று ஹாலிஸிடம் சொன்னேன். "டெல்பர்ட் பட்டறையில முடிஞ்சா வாங்கிக்கறேன். இல்லாட்டி அப்படியே அவரோட புதைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டதில், டெல்பர்ட்டின் உரிமம் முடிகிறவரை மனைவி நடத்தலாம் என்று பதில் வந்தது. ஜூலையில் ஏரிக்கரை மைதானத்தில் பெரிய பந்தயம். அதற்குள் இந்த ஒன்றை மட்டும் முடித்து, டெல்பர்ட் பெயரோடு சுடும் வரிசையில் நிற்க வைத்துவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது ஜாடிக்கு வருகிறேன். பந்தயத்தில் ஒரு விதி உண்டு. சுடுவதற்கு முன்னால் காலித் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து அதன் ட்ரிக்கரில் மூன்றரை பவுண்டு இரும்பைத் தொங்கவிடுவார்கள். துப்பாக்கியின் பின்னால் இருக்கிற சுத்தியல் விழாமல் நின்றால் உள்ளே, விழுந்தால் வெளியே. அதற்கு ஒரு மயிரிழை மேலே கொண்டுவந்து நிறுத்துவதில்தான் உங்கள் தம்பியின் பெயர் இருந்தது. அவருடைய பித்தளை எடையை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு ஐடஹோவுக்குக் குடிபோய்விட்டார்கள். புதிதாக வாங்குங்கள் என்றேன். மனிதர் நேரே என் அலமாரிக்கு வந்து பீச் பழ ஜாடி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "ஏ புள்ள, நீ இதைக் கழுத்து வரைக்கும் ரொப்பறியே, அது கிட்டத்தட்டச் சரியா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போனார். கழுத்தில் கம்பி கட்டி, இரண்டு வாஷர் கோத்து, எடையைச் சரியாக்கி, கண்ணாடி வழுக்காமல் இருக்கக் கறுப்பு டேப்பைச் சுற்றி ஆணியில் மாட்டினார். மூடியில் மட்டும் என் கையெழுத்தில் "பீச்" என்று இருக்கும். அதற்குப் பிறகு இந்தப் பட்டறையிலிருந்து போன அத்தனை துப்பாக்கியும் அந்த ஜாடியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனவைதான்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அந்த ஜாடியை யாரும் தொடாதீங்க." மருந்து மயக்கம் என்றார் டாக்டர். நர்ஸ் தண்ணீர் ஜாடியைத் தள்ளி வைத்தாள். அடக்கத்தில் பாதிரியார் அதையே எடுத்துக்கொண்டு, நம் உடல் என்னும் மண்ஜாடி என்று அரை மணி நேரம் பேசி எல்லோரையும் அழவைத்தார். நானும் அழுதேன். ஒருத்தருக்கும் ஆணியில் தொங்கின ஜாடி நினைவுக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்த அந்த வாரம் நீங்கள் கூட இருந்து செய்த உதவியை நான் மறக்கமாட்டேன். பட்டறையை ஒழுங்குபடுத்தினீர்கள். எந்த ஸ்பிரிங் கடினம், எந்த ஸ்பிரிங் மிருது என்று அவர் பிரித்து வைத்திருந்ததை நீங்கள் நீளவாரியாகப் பிரித்து முட்டை அட்டையில் அழகாக அடுக்கி வைத்தீர்கள். பார்க்க நகைக்கடை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்துத் திரும்பப் பிரித்தேன். ட்ரிக்கர் பாகத்தை மெருகேற்றுகிற வெள்ளைக் கல்லில் நீங்கள் பன்றித் தொடை வெட்டுகிற கத்தியைத் தீட்டியிருந்தீர்கள். அதில் வாய்க்கால் விழுந்துவிட்டது. கத்தி இன்றைக்கும் நன்றாக வெட்டுகிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு சின்னக் கல் இருந்ததால் அதை வைத்து ஆரம்பித்தேன்.

முதல் தடவை நான் முடித்துக் கொடுத்ததை ஹாலிஸ் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார். "ஓப்பல், இது துப்பாக்கியா, தண்ணி பம்பா? பக்கெட் கொண்டா, பிடிச்சு வைப்போம்" என்றார். இரண்டாவது தடவை தொடுவதற்கு முன்னாலேயே விழுந்தது. "தும்மினாக்கூட விழும்போல" என்றார். நடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங் எகிறி எங்கோ போய்விட்டது. நாய்தான் விழுங்கியது என்று அதை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தால், நாயின் வயிற்றில் ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் இருந்தது. ஸ்பிரிங் என் கொண்டையில் இருந்தது. டெல்பர்ட்டின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். அதன் பையில் பாதி மென்ற பென்சில் இருந்தது. அன்றைக்கு மதியம் வேலை ஓடவில்லை.

மூன்றாவது தடவை ஜாடியை மாட்டித் தூக்கினேன். நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது. கூட ஒரு தூசி வைத்தால் விழுந்திருக்கும். டெல்பர்ட் செய்வது அப்படியேதான். நாயிடம் சொன்னேன், வேறு யாரிடம் சொல்ல.

மைதானத்துக்கு ஜாடியையும் எடுத்துக்கொண்டு ஹாலிஸின் லாரியிலேயே போனோம். ஏரிக் காற்று தொப்பியைப் பிடுங்குகிறது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட கிரெட்டா என்கிற அம்மாள்தான் சோதனை மேசையில். காலியா என்று பார்த்துவிட்டு, எடையை மாட்டித் தூக்கினாள். டிக் என்று விழுந்தது.

"எடை தாங்கலைங்க. அடுத்த ஆள் வாங்க."

ஹாலிஸ் துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடினார். அவர் மூடின விதத்தைப் பார்க்க முடியவில்லை அக்கா. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ.

"உங்க எடை தப்பா இருக்கும். இன்னொருவாட்டி பாருங்க."

"ஏம்மா, இது முத்திரை போட்ட எடை."

"எங்க வீட்டுக்காரர் ஜாடி அதைவிடச் சுத்தம். அதுல நின்னுச்சு."

பின்னால் நின்ற ஒருவர், "ஜாடியா?" என்றார். இன்னொருவர், "டெல்பர்ட் ஜாடிய்யா. தெரியாதா உனக்கு?" என்றார். வரிசை முழுக்கச் சுற்றி நின்றுவிட்டது. லாரிக்குப் போய் ஜாடியை எடுத்துவந்து, போடுங்கள் தராசில் என்று வைத்தேன். கிட்டத்தட்ட அரை பவுண்டு குறைந்தது. கிரெட்டா குனிந்து பார்த்தாள்.

"உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க?"

"பீச் பழம்."

"எப்ப போட்டது?"

"அது கெடாது, நான் போட்டது" என்று மூடியைத் திருகினேன்.

ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் பட்டறைச் சூட்டில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகின அத்தனை பேரும் குனிந்துவிட்டார்கள். மூடி கொட்டகைக் கூரையில் அடித்தது. நுரை கிரெட்டாவின் ஆரஞ்சுத் தொப்பியில் ஆரம்பித்து மேசை வழியாகப் பேர்ப்பட்டியல் வரைக்கும் போனது. சாராயக் கடை வாசனை. தராசில் பாதி ஜாடிப் பழமும், அதன் நடுவில் ஒரு சின்ன ஸ்பூனும். பிடியில் ஆரஞ்சுப் பழப் படம் போட்டு "ஃபுளோரிடா" என்று எழுதியிருந்தது. நீங்கள் எனக்குப் பரிசாகக் கொண்டுவந்த ஆறு ஸ்பூன்களில் ஒன்று. அதைத் தேடாத இடமில்லை.

ஹாலிஸ் அந்த ஸ்பூனை எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஓப்பல், சாகறப்போ அவன் சொன்னது இந்த ஜாடியைத்தானா?"

"இதைத்தான்."

"அந்தப் பாதிரியார் என்னை அரை மணி நேரம் அழவச்சாரே" என்றார். சொன்னபிறகு அந்த மனுஷனால் நிற்க முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன் அக்கா. டெல்பர்ட் போன பிறகு முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது எதற்கான தண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை.

கிரெட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சுடற வரிசையைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. என் எடையையே எடுத்துட்டுப் போங்க. சரிபண்ணிட்டு வாங்க. ஜாடி மட்டும் வேண்டாம்" என்றாள். லாரியின் பின்கதவை இறக்கி அதன்மேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தேன். உள்ளே மூன்று விரல் மாதிரி ஒரு தட்டு ஸ்பிரிங் இருக்கும், அதில் நடுவிரலைக் கொஞ்சமே கொஞ்சம் வளைக்கவேண்டும். டெல்பர்ட் வளைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். நானும் பிடித்துக்கொண்டேன். வளைத்தேன், மாட்டினேன், தூக்கினேன், விழுந்தது. மறுபடி. மறுபடி. கடைசியில் நின்றது. கிரெட்டா தூக்கியும் நின்றது. பிசுபிசுத்த பட்டியலில் ஹாலிஸ் பெயருக்கு எதிரே கோடு போட்டாள்.

ஹாலிஸ் பதக்கம் ஒன்றும் வாங்கவில்லை, அதைப் பெரிதாக எதிர்பார்த்து விடாதீர்கள். ஆனால் ஐம்பது கெஜத்தில் பத்து குண்டும் கறுப்புக்குள். வாழ்நாளில் முதல் தடவை. அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காத. இது டெல்பர்ட் ட்ரிக்கர் இல்ல. அவனோடது சட்டுனு போகும். இது கடைசியில ஒரு பொட்டு தயங்கிட்டுத்தான் போகுது. நீ பேசறாப்புல."

"அப்ப சரியில்லையா?"

"அந்தத் தயக்கத்துலதான் என் கை நிக்குது" என்றார்.

பிறகு லாரிப் பக்கமாக ஒவ்வொருவராக வந்தார்கள். டெல்பர்ட் வேலையை இப்போது யார் பார்ப்பது என்று கேட்டார்கள். யாருமில்லை, நான் செப்டம்பரில் ஃபுளோரிடா போகிறேன் என்றேன். சரி என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஹாலிஸ்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஃபுளோரிடாவுல என்ன செய்வ?"

"அக்காவோட டிவி பாப்பேன்."

"சும்மாவா? கையில ஸ்லைடு இல்லாமலா?"

இவ்வளவுதான் அக்கா நடந்தது. நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடக்கத்தன்று நீங்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எல்லோரும் கவலைப்பட்டோம். நீங்கள் தம்பி ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து, மூடியில் என் கையெழுத்தைப் பார்த்து, நாலு வாய் சாப்பிட்டிருக்கிறீர்கள். கார் வந்துவிட்டது என்று கூப்பிட்டவுடன் ஸ்பூனை உள்ளேயே போட்டு மூடியிருக்கிறீர்கள். ஏதோ கொஞ்சமாவது வயிற்றில் போயிற்றே என்று இப்போது நினைத்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. அவர் இருந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பார், பிறகு இன்னொரு ஜாடி எடுத்துக் கொடுத்திருப்பார்.

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள். மாடி வீட்டுக்காரரை மன்னித்துவிடுங்கள், முடியாவிட்டால் ஜெயித்துவிடுங்கள். ஆண்டவர் உங்களைத் தம் கைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். செப்டம்பரில் நேரில் பார்ப்போம்.

இப்படிக்கு, உங்கள் தம்பி வீட்டு
ஓப்பல்

பின்குறிப்பு: புதன்கிழமை. கடிதத்தை ஒட்டித் தபால் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது, அதனால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒரு பல் டாக்டர் அம்மாள், கையில் பெட்டி. "ஹாலிஸ் அனுப்பிச்சார். எனக்கும் அந்தத் தயக்கம் வேணுமாம், அவர் சொல்றார்" என்றாள். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். தையல் மிஷினை நகர்த்த வேண்டாம் அக்கா, நகர்த்தியிருந்தால் திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள். உரிமத்தை என் பெயரிலேயே கேட்டு எழுதப்போகிறேன். நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு நீங்கள்தான் இங்கே வரவேண்டும். உங்களுக்கான பீச் பழம் சமையலறையில் இருக்கும், சிவப்பு மூடி. பட்டறை ஆணியில் புது ஜாடி மாட்டிவிட்டேன், கிரெட்டா இரவல் கொடுத்த எடையோடு சரிபார்த்தது. அதில் பீட்ரூட் போட்டிருக்கிறேன். அது உங்களுக்கு வாயில் வைக்கப் பிடிக்காது என்று தெரியும். ஸ்பூனைக் கழுவி வைத்திருக்கிறேன்.