மாதம் ஒரு படம்

சலுகைப் பிரியர்கள் என்றொரு இனம் உண்டு. பசி, தூக்கம், கோபம் எல்லாம் அவர்களுக்கும் நம்மைப் போலத்தான். 'வரிவிலக்கு' என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் கால் தரையில் நிற்காது.

'சலுகை சார்' என்று தெருவே அழைத்த ஒருவர் இருந்தார். அச்சகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் அவரும் மனைவியும். மாடியில் வாடகைக்கு ஓவியர் ஒருத்தி. மூன்று வருஷமாக மாடிக் கூரை ஒழுகியது. மழை வந்தால் வரைந்த படங்களையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பக்கெட்டும் கையுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். முறையிட்டால், "பார்க்கலாம்மா" என்பார். பார்க்கவும் செய்வார், அண்ணாந்து.

ஒரு காலையில் செய்தித்தாளில் வந்தது: வாடகை வீட்டைப் பழுதுபார்க்கும் செலவுக்கு வரிவிலக்கு. பத்து மணிக்குக் கொத்தனார் கூரைமேல் நின்றார். ஒழுகிய கூரை, ஒழுகாத கூரை, ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த ஜன்னல், யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்துகொண்டிருந்த குளியலறைக் குழாய் என்று ஒரே வாரத்தில் அத்தனையும் பழுதுபார்க்கப்பட்டன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? அதே செய்தியின் அடியில் இன்னொரு வரி இருந்தது: கலைஞர்கள் தங்கள் படைப்பை விற்று ஈட்டும் வருமானத்துக்கு முழு விலக்கு.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

"ஏம்மா, இனிமே நீ வாடகை தர வேண்டாம்."

தூரிகை கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "காலி பண்ணணுமா சார்?"

"சேச்சே. மாசாமாசம் நான் ஒரு படம் வரைவேன். வாடகைப் பணத்துக்கு அதை நீ வாங்கிக்கோ. எனக்கு வர்றது கலை வருமானம் ஆயிடும்."

"உங்களுக்கு வரைய வருமா சார்?"

"நல்லா வரையணும்னு சட்டத்துல எங்கேயும் போடலையே."

வீட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை. பத்திரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் மாதம் பூனை. தலையணைக்கு வால் முளைத்த மாதிரி இருந்தது. வாங்கினாள். அடுத்த மாதம் சூரிய உதயம். தலைகீழாகப் பிடித்தால் பரவாயில்லை. அதையும் வாங்கினாள். சலுகை சார் தோளில் சால்வை ஏறியது. காய் வாங்கி வரச் சொன்ன மனைவியிடம், "கலைஞன்கிட்ட கத்திரிக்காய் பேசாதே" என்றார்.

மூன்றாம் மாதப் படத்தை ஓவியர் வெகுநேரம் பார்த்தாள்.

"சார், இது எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்கணுமா?"

"காசு கொடுத்து வாங்கறவ நான்தானே சார்? இந்த மாசம் வேண்டாம்."

"அப்ப வாடகை?"

"வாடகையே கிடையாதுன்னு நீங்கதானே பத்திரத்துல எழுதினீங்க?"

பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடினார். படித்து முடிப்பதற்குள் ஆடிட்டர் சிரிப்புத் தாங்காமல் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாடகையே வரலைன்னா அது வாடகை வீடே இல்லை சார். பழுதுபார்த்த செலவுக்கும் விலக்கு கிடைக்காது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"நல்லா வரையுங்க."

வேறு வழி? விடிந்ததும் மேசைமேல் ஒரு கூஜாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரைந்ததைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுவார், "நிழல் இந்தப் பக்கம் விழணும் சார்" என்று அவள் திருப்பி அனுப்புவாள், முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார். நான்காம் முறை அவள் வாங்கிக்கொண்டாள். சலுகை சார் பணத்தை வாங்க மறந்து கீழே ஓடிவந்தார்.

"கேட்டியா, நிழல் நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டா" என்றார் மனைவியிடம். பிறகு தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாடகையைப் படத்தின் விலையாக மாற்றும் யோசனை வந்த இடத்தில், 'அட, இது நடக்குமோ?' என்று ஒரு கணம் நிறுத்தி மோட்டுவளையைப் பார்த்தீர்களே, அது என் கண்ணில் படாமல் போகுமா? இத்தனைக்கும் வாடகைக்கு விட உங்களுக்கு வீடுகூட இல்லை.