பத்து தடவை நாலு மாடி

நேத்து காலைல எனக்கு ஒரே ஒரு வேலைதான். எட்டு கிலோ பையை முதுகுல மாட்டிக்கிட்டு, எங்க அபார்ட்மெண்ட்ல நாலு மாடியையும் பத்து தடவை நிக்காம ஏறி இறங்கி, அதை வீடியோ எடுத்து ஒன்பது மணிக்குள்ள அனுப்பணும்.

எதுக்கா? நீலகிரில ஒரு மலையேற்றம். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வீடியோவைப் பாத்துட்டுத்தான் கைடு ஆளைச் சேர்ப்பாராம்.

எனக்கு இது மானப் பிரச்சனை. கல்யாணமாகி இருபது வருஷத்துல நான் பாத்த எல்லா வ்யூ பாயிண்டும் கார் கண்ணாடி வழியாத்தான். "இங்கேருந்தே தெரியுதே, எதுக்கு இறங்கணும்?"னு கேக்கற மகானைக் கட்டிக்கிட்டேன். கொடைக்கானல்ல பள்ளத்தாக்கை விட, முன்னாடி நின்ன டெம்போ வேனைத்தான் நல்லா பாத்திருக்கேன். ஒரு தடவையாவது என் கால்ல ஏறி ஒரு உச்சியைப் பாக்கணும்!

ஆனா மந்தவெளில மலைக்கு எங்க போறது? எங்க தெருவுல மலைன்னு ஒண்ணு இருந்தா, அது எங்க வாட்ச்மேன் ஏழுமலை பேர்ல மட்டும்தான்.

சரி, படிக்கட்டே துணைன்னு பொண்ணோட ஸ்கூல் பையில பொன்னி அரிசியை ரொப்பினேன். வீடியோ எடுக்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"நீ ஏறு, நான் கீழ உக்காந்தே எடுக்கறேன்"னார்.

நான் முறைச்ச முறைப்புல எழுந்துட்டார். முழு நேரமும் என் முகம் தெரியணும்னு கண்டிஷன். அதனால அவர் எனக்கு ரெண்டு படி முன்னாடி, பின்பக்கமாவே ஏறினார்.

மூணு ரவுண்டு பிரமாதம். நாலாவதுல ரெண்டாவது மாடி மாமி கதவைத் திறந்தாங்க.

"ஏண்டிம்மா, அரிசியைத் தூக்கிண்டு படியேறறே? லிஃப்ட் மறுபடியும் போயிடுத்தா?"

"இல்ல மாமி, மலைக்குப் போறேன்."

"மலைக்கா? அரிசியோடயா? ஏதாவது வேண்டுதலா?"

பதில் சொல்ல மூச்சு வேணுமே! ஒரு மாதிரி தலையை ஆட்டிட்டுப் போயிட்டேன். மலைக் கதையை நம்பாத மாமி, லிஃப்ட்தான் போயிடுச்சுன்னு முடிவு பண்ணி உடனே அபார்ட்மெண்ட் வாட்ஸப் க்ரூப்ல போட்டுட்டாங்க: "லிஃப்ட் அவுட். ஜாக்கிரதை."

எங்க செக்ரட்டரி சார் படு வேகம். லிஃப்ட்டை நேர்ல போய்ப் பாக்கறதெல்லாம் சாதாரண மனுஷங்க வேலை. வீட்டுலேருந்தே ஏழுமலைக்குப் போன் போட்டு லிஃப்ட்டோட மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணச் சொன்னார்.

"லிஃப்ட்டு நல்லாத்தான் சார் கீது!"

"க்ரூப்லயே போட்டாச்சு. நீ என்ன இன்ஜினியரா?"

ஆச்சு. ஆபீஸ் போற நேரம், மொத்த அபார்ட்மெண்டும் படிக்கட்டுல.

"மேலதானே போறீங்க? இந்தப் பாலை நாலாவது மாடில குடுத்துடுங்க."

"கீழதானே போறீங்க? இந்தக் குப்பைக் கவரை..."

மூணாவது மாடிக்குப் புதுசா குடிவந்தவர், "தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவீங்களா?"ன்னு பொறுப்பா விசாரிச்சார்.

ஆறாவது ரவுண்டுல மறுபடியும் மாமி. முட்டி வலி, கோயிலுக்குப் போகணும், லிஃப்ட் இல்ல. "என் கையைப் பிடிச்சுண்டு கீழ விட்டுடுடிம்மா."

லிஃப்ட்டை நிறுத்தின புண்ணியவதியே நீங்கதானேன்னு கேக்க வாய் வந்தது, மூச்சு வரலை.

அப்பதான் வீட்டுக்காரர் தங்கமான யோசனை சொன்னார்: "பையை என்கிட்ட குடு. கேமரா பாட்டுக்கு ஓடட்டும். நீ மாமியைப் பாத்துக்கோ."

குடுத்தேன். கீழ போனதும் மாமிக்கு மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. மாமி கையைப் பிடிச்சுக்கிட்டே திரும்ப மேல. அப்புறம் பூக்கூடை. பையைத் திருப்பி வாங்கிக்க எனக்குக் கை காலியாவே இல்ல.

எட்டு அம்பத்தஞ்சுக்குப் பத்து ரவுண்டும் முடிஞ்சுது. வீடியோவை அனுப்பிட்டு படியிலயே சாஞ்சுட்டேன். அரை மணி நேரத்துல கைடு கூப்பிட்டார்.

"மேடம், நிக்காம ஏறணும்னு சொன்னோம். நீங்க மாடிக்கு மாடி நின்னு பேசியிருக்கீங்க. ஆறாவது ரவுண்டுலேருந்து பையும் முதுகுல இல்ல."

"சார், அது வந்து, லிஃப்ட்..."

"வீடியோ எடுத்தவர் யாரு மேடம்? பின்பக்கமா ஏறியிருக்கார், பையையும் வாங்கிச் சுமந்திருக்கார், கேமரா ஒரு தடவைகூட ஆடலை. அந்த இடத்தை அவருக்குக் குடுத்துட்டோம்."

நிஜமாவே அழுகை வந்துடுச்சு எனக்கு. அவரானா நேத்து சாயங்காலத்துலேருந்து, மூச்சை எப்படி அடக்கி விடணும்னு எனக்கே க்ளாஸ் எடுத்துக்கிட்டிருக்கார்.

தோழிகளே, வீடியோ எடுக்கணும்னா போனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கிக்கோங்க.