டங்கனின் நாய்க்கதையில் நான் எழுதிய தமிழ்

நான் சோம்பேறியாகக் கிடந்த நாள்களில் எனக்கு ஒரு வில்லங்கமும் வந்ததில்லை. பெரிய மானக்கேடுகள் எல்லாம் கெட்டிக்காரனாக நடந்துகொண்ட நாள்களில்தான் வாய்த்தன.

எண்பத்தாறில், ஊரைவிட்டு வெளிநாடு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் நாலு பேராக இருந்தோம். எனக்கு மிசிசாகாவில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே சுப்பவைசர் டங்கன், ஸ்கொட்லாந்துக்காரர். என் ஆங்கிலத்தின் மேல் இரக்கப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை பழைய படக்கதைப் புத்தகம் ஒன்றைத் தந்தார். ஆட்டு மந்தையைக் காக்கும் நாயைப் பற்றிய பேர்போன நாவலை அதில் படங்களாக்கியிருந்தார்கள். சின்ன வயதில் அவர் காய்ச்சலாகக் கிடந்தபோது தகப்பன் வாங்கிக் கொடுத்ததாம். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.

"படம் இருப்பதால் உனக்கு விளங்கும். வாசித்துவிட்டுத் தா" என்றார்.

வாசித்தேன். வெறுமனே அல்ல. ஒவ்வொரு பேச்சுக் குமிழிக்குள்ளும் தமிழ்க் கருத்தை நீல மையில் எழுதினேன். (பென்சில் என்றொரு சாமான் இருப்பது தெரியும். அழிந்துவிடும் என்று பயந்தேன்.) நாய் குரைத்த இடங்களைக்கூட விடவில்லை.

அறையில் என்னோடு இருந்த சிவம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"உது ஆற்றை புத்தகம்?"

"சுப்பவைசரின்ரை."

"அவர் எழுதச் சொன்னவரோ?"

"இல்லை அண்ணை. நான் எவ்வளவு படிச்சனான் எண்டு அவருக்குத் தெரியட்டும்."

சிவம் அண்ணை ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். (அந்த மௌனத்தையாவது நான் மொழிபெயர்த்திருக்கலாம்.)

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் புத்தகத்தை நீட்டினேன். டங்கன் முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டாவதைத் திறந்தார். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. சுற்றியிருந்தவர்கள் சான்ட்விச்சைக் கீழே வைத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நிரந்தரமாக்குவதா என்று அவர் முடிவு சொல்லவேண்டிய வாரம் அது. ஏதாவது பேசினால் தப்பலாம் என்று நினைத்து, வாசித்தபோது எழுந்த சந்தேகத்தைக் கேட்டேன்.

"எல்லாம் விளங்கியது சேர். இந்தக் கென் என்பவர் மட்டும் யாரென்று தெரியவில்லை. இடையன் அடிக்கடி அவரைப் பற்றிப் பேசுகிறான். ஒரு படத்திலும் ஆளைக் காணோம்."

"எந்தக் கென்?"

தொட்டுக் காட்டினேன்.

"பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்?"

"கென், இடையனின் மச்சானாக இருக்கலாம்."

டங்கன் மேசையில் தலையைக் கவிழ்த்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. தலையை நிமிர்த்தியபோதுதான் சிரிப்பது தெரிந்தது. ஸ்கொட்லாந்துப் பேச்சில் 'கென்' என்றால் 'தெரியும்' என்று அர்த்தமாம். பாவம், அந்த இடையன் கதை முழுக்கத் 'தெரியுமா, தெரியுமா' என்று கேட்டிருக்கிறான். நான் அவனுக்கு ஒரு மச்சானைத் தேடிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் மன்னித்தார் என்று சொல்லமாட்டேன். பல வாரங்கள் என்னைக் கண்டதும் முதலில் என் சட்டைப்பையில் பேனை இருக்கிறதா என்று பார்த்தார். ஆனால் வேலை நிரந்தரமானது.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது என் இரண்டாவது பிழை. மகளின் கலியாணத்துக்கு ஆள்கணக்குப் பார்த்தபோது அவள் ஒரு சாப்பாடு கூடுதலாகச் சொன்னாள். யாருக்கென்று கேட்டேன்.

"உங்கடை கென் வரமாட்டாரோ? மாப்பிள்ளை வீட்டுக்காரரும் அவரைப் பாக்க ஆசைப்படினம்."