மாமனாருக்குக் காட்டிய மின்சாரம்

மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். அறிவியல் வாத்தியார் புத்தி அப்படி. ஆனால் அதற்கான தண்ணீர் யாருடையது என்று கேட்டிருந்தால் அன்றைக்குத் திருதிருவென்று முழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் சைக்கிள் கடை. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம். சந்தை நாளில் ஊருக்கு இறங்கியபோது அத்தா சொன்னார்: "பொண்ணோட அத்தா மிளகு வாங்க புதன்கிழமை மலைக்கு வாராரு. அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்து உன்னையும் பார்ப்பாராம். நீ வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்."

அந்தப் பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். (அவள் என்னைப் பார்க்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.) அப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு எப்படி ஜெயிப்பது? கடையிலிருந்து ஒரு பழைய சக்கரத்தையும் டைனமோவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், நான் கவனித்தவரை, எந்நேரமும் சலசலவென்று ஓடும். சக்கரத்தின் கம்பிகளில் எண்ணெய் டின்னை வெட்டித் தகடுகளாகக் கட்டி, தண்ணீரில் படும்படி நிறுத்தினேன். டயரில் உரசுகிற மாதிரி டைனமோ. அதிலிருந்து ஜன்னல் வழியாக வயர். வகுப்பறை மேஜை மேல் குட்டி பல்பு. செவ்வாய்க்கிழமை காலையில் சோதித்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. நான் ஆடிய ஆட்டத்தை ஆடுகள் மட்டும்தான் பார்த்தன.

புதன்கிழமை மதியம் வந்து சேர்ந்தார் மிளகு வியாபாரி. அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறியதிலிருந்து மலைப்பாதையின் எல்லா வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்திருப்பார் போல, முகம் வெளிறிக் கிடந்தது.

"உக்காருங்க மாமா" என்றேன். (இன்னும் எதுவும் பேசி முடிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.)

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னேன். இருட்டில் பல்பு ஜொலித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தொடங்கினேன். "டைனமோவுக்குள்ள ஒரு காந்தம், சுத்தி கம்பிச்சுருள். காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். அணையில் தண்ணீர் சுழற்றுகிறது, அனல் நிலையத்தில் நீராவி, காற்றாலையில் காற்று. சுழற்றுகிற ஆள்தான் வேறு..."

"சார்" என்றாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி. "இருசாயி அக்கா மொறை..."

"கேள்வியெல்லாம் கடைசியில்!"

பல்பு மஞ்சளானது. சிவப்பானது. அணைந்தே போனது. கும்மிருட்டு. வருங்கால மாமனார் இருமுவது மட்டும் கேட்டது.

"சின்னக் கோளாறு மாமா, ஒரு நிமிஷம்!" என்று வெளியே ஓடினேன். வாய்க்கால் வறண்டு கிடந்தது. அதன் ஓரமாகவே மேலே ஓடினால், யாரோ பச்சை மண்ணை வெட்டிப்போட்டு வாய்க்காலை அடைத்து, தண்ணீரை வயலுக்குத் திருப்பியிருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு எதிரான சதி! காலால் உதைத்து மண்ணைக் கலைத்தேன். தண்ணீர் கீழே பாய்ந்தது. நானும் பாய்ந்தேன்.

மூச்சு வாங்க வகுப்புக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால், பல்பு எரிகிறது! மாமா சிரித்துக்கொண்டிருந்தார். உற்சாகமாகப் பிள்ளைகளைக் கேட்டார்: "இந்தக் கரண்ட்டு எங்கிருந்துடா வருது?"

பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "இருசாயி அக்கா வயல்லயிருந்துங்க!"

கதவு படாரென்று திறந்தது. மண்வெட்டியோடு இருசாயி அக்கா.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற மடைய ஒடைச்சது யாருங்க? பொழுது உச்சிக்கு வந்தா எங்க மொறைன்னு இந்த மலைக்கே தெரியும். நாத்து வாடிக் கெடக்குது, மொறைத் தண்ணிய எடுத்து நீங்க லைட்டு போட்டு வெளையாடறீங்களா?" பேசிக்கொண்டே வந்தவர் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க பாய், நீங்களுமா? என்ற மொளவு வேணும், என்ற நாத்து வேண்டாமா?"

மாமா சடாரென்று எழுந்தார். "அம்மா, நான் சும்மா பார்க்க வந்தவன். இவர் யாருன்னே எனக்குத் தெரியாது!"

என் கல்யாணம் வாய்க்காலோடு போவதைக் கண்ணால் பார்த்தேன். இருசாயி அக்கா மண்வெட்டியை என் கையில் திணித்தார். "வாங்க சாமி. ஒடைச்ச கையால கட்டுங்க."

மாப்பிள்ளைக் கோலத்துக்கென்று தைத்த வெள்ளைப் பேன்ட்டோடு வாய்க்காலில் இறங்கினேன். அவர் "இன்னும் வெட்டுங்க" என்றால் வெட்டினேன். "மிதிங்க" என்றால் மிதித்தேன். வகுப்பு முழுவதும் கரையில் நின்று கூச்சல் போட்டது. மாமா குடையை ஊன்றிக்கொண்டு பார்த்துவிட்டு, மிளகு மூட்டையோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தா பஞ்சர் ஒட்டியபடியே நிமிராமல் சொன்னார்: "அவரு வந்துட்டுப் போனாரு. பையனுக்கு வாய் கொஞ்சம் நீளமாம். ஆனா ஒரு பொம்பள திட்டுனா எதுத்துப் பேசாம சொன்ன வேலையைச் செய்யறானாம். என் பொண்ணுக்கு இது போதும்னு சொல்லிட்டாரு."

நிக்காஹுக்கு இருசாயி அக்கா ஒரு பை மிளகோடு வந்தார். மணப்பெண்ணிடம், "கண்ணு, ஊட்டுத் தண்ணிக் கொழாய மட்டும் இவரு கையில குடுத்துறாதே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் பிரியாணிக்கே உட்கார்ந்தார்.

இப்போதும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் ஃபியூஸைப் பார்ப்பதில்லை. "என்னங்க, மேல யாரு மொறை?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்பாள். "இருசாயி அக்கா மொறைம்மா" என்று மகள் பதில் சொல்வாள். டிரான்ஸ்ஃபார்மரில் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வாயைத் திறந்ததும், இருட்டில் இரண்டு குரல்கள் சேர்ந்து கத்தும்:

"கேள்வியெல்லாம் கடைசியில்!"